நான் தின்ற தேதி

அரசாங்கம் ஒரு மனிதன் பெயரில் ஒரு நாளை அறிவித்தால், அந்த மனிதன் அந்த நாளில் செத்தாக வேண்டும் என்று நான் நம்பியிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. நம்பியதைக்கூட மன்னித்துவிடலாம். நம்பிவிட்டு நான் செய்த காரியம் இன்னும் செரிக்கவில்லை.

சிரிக்க வேண்டாம். இதைப் படிக்கிற என் வயசுக்காரர்களில் நாலைந்து பேராவது என்னோடு அதே கோயில் தரையில், வேதபாடம் சொல்லித்தந்த அதே உபதேசியார் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர்கள். சுவரில் கோயில் காலண்டர் தொங்கும். புனிதர்களின் திருநாள் எல்லாம் சிவப்பு மையில் இருக்கும். உபதேசியார் புளியம் விளாரால் ஒரு சிவப்பைத் தொட்டு, "இவருக்கு ஏன்டா இந்த நாளு?" என்று கேட்பார். நாம் எல்லோரும் ஒரே குரலில், "அன்னிக்குத்தான் செத்தாருங்க" என்போம். அடுத்த சிவப்பு. "இவருக்கு?" "அன்னிக்குத்தான் செத்தாருங்க." ஒருவரை எண்ணெயில் போட்டார்கள், ஒருவரைத் தோலுரித்தார்கள், ஒருவரை அம்பால் துளைத்தார்கள். எல்லோருக்கும் நாள் கிடைத்தது. நாள் கிடைக்காதவர்கள் மட்டும்தான் எங்கள் ஊரில் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். இதிலிருந்து ஒன்பது வயது மூளை என்ன கணக்குப் போடும், நீங்களே சொல்லுங்கள்.

கடத்தூரிலிருந்து பொம்மிடி போகிற பஸ் எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் நிற்கும். அப்போதுதான் சேலத்தை இரண்டாக வெட்டி எங்களைப் புது ஜில்லா ஆக்கியிருந்தார்கள். ஜில்லா புதிது, ஊர் பழையது. பெரிய தெருவில் நாங்கள். காடுகழனி வைத்திருந்த வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் தெற்குத் தெரு. அவர்களும் வேதக்காரர்கள்தான். கோயில் ஒன்று, பூசை ஒன்று, சாமியார் ஒருவர். ஆனால் உட்காருகிற பக்கம் வேறு, தூம்பா வேறு. தூம்பா என்பது சவத்தை வைத்துத் தூக்கிப் போகிற மரப்பெட்டி. ஆளைக் குழியில் இறக்கிவிட்டுப் பெட்டி மட்டும் கோயிலுக்குத் திரும்பி வந்துவிடும், அடுத்த ஆளுக்காக. எங்கள் தூம்பா கோயில் முகப்பில் வார்னிஷ் பூசி நிற்கும். அவர்களுடையது கோயிலுக்குப் பின்னால் கரையான் அரித்துக் கிடக்கும்.

போகிற வழியும் வேறு. தெற்குத் தெரு முனையிலிருந்து பெரிய தெரு வழியாக நடந்தால் கல்லறைத் தோட்டம் கூப்பிடு தூரம். ஆனால் அவர்கள் வீட்டுச் சாவு பெரிய தெருவில் வரக் கூடாது. ஓடையில் இறங்கி, வளைந்து வளைந்து, பின்பக்கமாக ஏற வேண்டும். உயிரோடு இருந்தால் பெரிய தெருவில் ஒருவர் இருவராக நடந்து போகலாம், அதுவும் மேஸ்திரியின் புண்ணியத்தில்.

மேஸ்திரி என்பவர் தெற்குத் தெருக்காரர். பொம்மிடிப் பக்கம் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். வெயில், மழை, பூசை, பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் அதே காக்கிக் கோட்டு. மனு எழுதுவதற்கு நீலத்தாள் வைத்து மூன்று பிரதி எடுப்பார். கலெக்டருக்கு ஒன்று, பிஷப்பாகிய மேற்றிராணியாருக்கு ஒன்று, மூன்றாவது எங்கப்பாவுக்கு. எங்கப்பா பஞ்சாயத்துத் தலைவர். மூன்றாவது பிரதி எப்போதும் மங்கலாக இருக்கும். "மேலிடத்துக்குத் தெளிவா எழுதறான், நமக்குக் கண்ணு வலிக்கிற மாதிரி எழுதறான்" என்பார் அப்பா.

டீக்கடையில் தெற்குத் தெருக்காரர்களுக்குத் தகரக் குவளை. மேஸ்திரி காசைக் கொடுப்பார், குவளையில் டீ வரும், அதை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "கிளாஸ்ல குடுத்தா குடிக்கறேங்க." டீ ஆறிப்போகும், ஏடு கட்டும், ஈ விழும், எழுந்து போய்விடுவார். மறுநாளும் அதே. மூன்று மாதம். கடைக்காரர் கடைசியில், "இவன் மூஞ்சிய தெனமும் பாக்கறதுக்கு கிளாஸே தேவலை" என்று கொடுத்துவிட்டார்.

அவருக்குக் காது மந்தம் என்று பெரிய தெரு முழுக்கச் சொல்லும். ரயில் சத்தத்தில் போய்விட்டதாம். நானும் நம்பினேன். தெற்குத் தெருவில் அறுபது வயது ஆளையும் எங்கள் வீட்டுப் பொடியன்கள் "வா, போ" என்றுதான் கூப்பிட வேண்டும். அதுதான் மரியாதை என்று வளர்த்திருந்தார்கள். ஒருநாள் புளியமரத்தடியில், "மேஸ்திரி, இங்க வா, எங்கப்பா கூப்புடுது" என்றேன். கேட்கவில்லை. கத்தினேன். கேட்கவில்லை. சும்மா ஒரு இதுக்கு, மெதுவாக, "வாங்க மேஸ்திரி" என்று சொல்லிப் பார்த்தேன். உடனே திரும்பி, "என்னா தம்பி?" என்றார். அந்தக் காதின் ரகசியத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் நான் "வாங்க" என்று கூப்பிட்டதும் சேர்ந்து வெளியே வரும்.

கிளாஸ் வாங்கினார், பள்ளிக்கூடத்தில் தெற்குத் தெருப் பிள்ளைகளைத் தரையிலிருந்து பெஞ்சுக்கு ஏற்றினார், பொதுக்கிணற்றில் தெற்குத் தெருவும் கயிறு போட வைத்தார். நாலாவதுதான் மாட்டிக்கொண்டது: சாவுக்குத் தெரு. நாள் அறிவித்ததற்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில் அவர் சம்சாரம் இறந்துபோனார். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். தூக்கினவர்களில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. தூம்பா சரிந்தது. அதற்கு மேல் நடந்ததைப் பெரியவர்கள் எங்கள் முன்னால் பேசமாட்டார்கள். பேசாததால்தான் அது என்னவென்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து அவர் மனுவில் ஒரே வரி. மூன்று பிரதி, ஒரே வரி.

மனுக்கள் மேலே போய் மேலே போய், ஒரு மார்கழியில் பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். டீக்கடையில் கிளாஸைப் பார்த்தார், பள்ளிக்கூடத்தில் பெஞ்சைப் பார்த்தார், மேஸ்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தெருவைப் பற்றி எங்கப்பாவிடம் தனியாகப் பேசினார். அதற்குப் பத்து நாள் கழித்து ஊராட்சி ஒன்றியத்தில் தீர்மானம் போட்டார்கள். மனித உரிமைக்காகப் பாடுபட்ட மேஸ்திரியின் பெயரில் வருஷா வருஷம் ஒரு நாள். ஒன்றியத்துப் பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாவற்றிலும் கொண்டாட வேண்டும். எங்கள் ஊரில் ஊர்வலம்.

அப்பா அன்று களியும் கோழிக்குழம்பும் கேட்டுச் சாப்பிட்டார். அம்மா பரிமாறிக்கொண்டே, "அந்தாளு கேட்டது தெருவத்தானுங்களே?" என்றாள்.

"தெருவக் குடுத்தா ஊரு என்னையத் தூக்கி ஓடையில போட்டுரும். நாளு யாருக்கு வலிக்கப் போவுது? வருஷத்துக்கு முன்னூத்தி அறுவத்தஞ்சு கெடக்குது. ஒண்ணு போனா என்னா?"

"எந்த மாசமுங்க?"

"மாசி. ஓடை காஞ்சு கெடக்கும். ஒருத்தனுக்கும் ஒண்ணும் நெனப்பு வராது." கையை நக்கிக்கொண்டே, "இத்தோட அவன் கதை முடிஞ்சுது" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மேஸ்திரிக்கு நாள் போட்டாயிற்று. உயிரோடு இருக்கிற மனிதருக்கு. அதுவும் எங்கப்பா கையெழுத்துப் போட்டு. எண்ணெயா, அம்பா, தோலுரிப்பா என்பதுதான் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அம்மா கோழிக்குழம்பைக் குறை சொன்னாள்.

பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. பயம் முற்றினால் திட்டம் போடுவார்கள். என் திட்டம் எளிமையானது. அந்தத் தேதியே இல்லாமல் போனால்? எங்கள் வீட்டுக் கூடத்தில் உரக்கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் புதுசாகத் தொங்கியது. மாசி வரைக்கும் புரட்டி, அந்த ஒரு தாளை மட்டும் கிழித்தேன். கிழித்த தாளைப் போட்டால் யாராவது பார்ப்பார்கள், எரித்தால் வாசம் வரும். ஆகவே வெல்லம் தொட்டுத் தின்றேன். ராகுகாலம், எமகண்டம், சூலம் உட்பட. தேதி என்ன என்று கேட்காதீர்கள். தின்றது தின்றதுதான்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக் காலண்டர். அதற்கடுத்த நாள் சலூன். கோயில் காலண்டர் மாதத்துக்கு ஒரே தாளாக இருந்ததால் அந்தக் கட்டத்தை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். உபதேசியார் எலி என்று நினைத்துப் பொறி வைத்தார். கடைசியாக டீக்கடை. அங்கேதான் மாட்டினேன். கிழித்து வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும்போது கடைக்காரர் கழுத்தைப் பிடித்தார்.

"எந்தத் தேதியக் கிழிச்சிருக்கான் பாருங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரிய தெரு ஆட்கள் எழுந்து வந்தார்கள். என் சித்தப்பாவும் இருந்தார். தெற்குத் தெருக்காரன் பெயரில் நாளா என்று பத்து நாளாகக் குதித்துக்கொண்டிருந்தவர் அவர். அண்ணன் பேச்சை மீறத் தைரியமில்லாமல் டீக்கடையில் மட்டும் குதிப்பார்.

"ஏன்டா கிழிச்ச?" என்றார்.

நான் பதில் சொல்லியிருப்பேன். அப்போதே எல்லாவற்றையும் அழுது கொட்டியிருப்பேன். ஆனால் வாய் நிறையக் காகிதம். கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் தண்ணீர் முட்ட, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றேன்.

சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு வேண்டியது அதில் தெரிந்திருக்க வேண்டும். "பாத்தீங்களாய்யா. மீசை வெச்ச ஒருத்தனுக்கும் இல்லாத ரோசம் இந்தப் பொடியனுக்கு வந்திருக்குது. தலைவர் வூட்டுப் புள்ளையே கிழிச்சிட்டான். நாமெல்லாம் பொடவை கட்டிக்கலாம்."

எனக்கு இரண்டு முறுக்கு வாங்கிக் கொடுத்தார். காகிதத்துக்கு மேல் முறுக்கு நன்றாகவே இறங்கியது.

இரண்டு நாளில் பெரிய தெருவில் ஒரு வீட்டுக் காலண்டரிலும் அந்தத் தாள் இல்லை. கிழித்த தாள்களை ஓடை மேட்டில், தெற்குத் தெரு முனையில், ஆளாளுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். நூறு இருக்கும். காற்றடிக்கும்போது அது பறந்து அவர்கள் வீட்டுக் கூரையில் உட்கார்ந்தது. தெருவில் போனால் பெரியவர்கள் என் தலையைத் தடவினார்கள். "புலிக்குட்டிடா" என்றார் கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளை. புலிக்குட்டி அன்றும் நாலு முறை கொல்லைக்குப் போய் வந்தது.

அந்த வாரமே அப்பா ஊர்வலத்தை மாற்றிவிட்டார். முதலில் போட்ட தீர்மானத்தில், ஊர்வலம் தெற்குத் தெருவில் புறப்பட்டு, சனங்களோடு பெரிய தெரு வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு வரும் என்று இருந்தது. இப்போது, "ஊரு கொதிச்சுக் கெடக்குது. படம் மட்டும் பெரிய தெரு வழியா வரட்டும். சனங்க ஓடை வழியா பள்ளிக்கூடத்துக்கு வந்து சேந்துரட்டும்" என்று ஆகிவிட்டது.

எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. என் கவலை வேறு. இத்தனை காலண்டர் கிழிந்தும் அந்த நாள் வரும் போலிருந்ததே. ஒரு சாயங்காலம் துணிந்து ஓடையைத் தாண்டி மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து, கூரையிலிருந்து பொறுக்கிய தாள்களை ஒவ்வொன்றாக நீவி அடுக்கிக்கொண்டிருந்தார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் இல்லையா, மனு எழுத ஆகும்.

"தலைவர் வூட்டுத் தம்பி. என்னா, மிச்சத் தாளையும் போட்டுட்டுப் போக வந்தீங்களா?"

நான் அழுதுவிட்டேன். உபதேசியார், எண்ணெய், அம்பு, அப்பாவின் கையெழுத்து, வெல்லம் எல்லாம் சொன்னேன். "நீங்க சாகக் கூடாதுன்னுதானுங்க கிழிச்சேன்."

அவர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கோட்டுப் பித்தான் தெறிக்கிற மாதிரி சிரித்தார். உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டு, "கேட்டியா, நம்மள அவமானப்படுத்தலையாம், காப்பாத்தியிருக்காங்க" என்றார். மகள் சிரிக்கவில்லை. ஒரு கை வறுத்த நிலக்கடலையை என்னிடம் நீட்டினாள். கோந்து நாறும் காகிதத்தை வெல்லம் தொட்டுத் தின்ற இந்த வாய், அந்தக் கடலையை வாங்கத் தயங்கியது. அவள் அதைக் கவனித்தாள். நான் வாங்கிக்கொண்டேன், கால்சட்டைப் பையில் போட்டேன்.

"தம்பி, நாளு கெடக்குது கழுத. அது எனக்கு எதுக்கு?" என்றார் மேஸ்திரி, சிரிப்பு அடங்கிய பிறகு. "நான் ஒத்துக்கிட்டது அந்த ஊர்வலத்துக்காவ. எங்க சனம் மொத்தமும் ஒரு தடவ பெரிய தெருவுல கூட்டமா நடந்துட்டா, அரசாங்கத் தீர்மானத்தோட நடந்துட்டா, அப்பறம் பொணத்துக்கு வழியில்லைன்னு எவன் சொல்லுவான்? உசுரோட கூட்டமா போன தெருவுதானேடான்னு கேக்கலாமில்ல. அதான் கணக்கு. உங்கப்பாவுக்குத் தெரியாம போட்ட கணக்கு. இப்ப நீங்க கிழிச்சதுல அது போச்சு."

எனக்குப் புரியவில்லை. ஆனால் போச்சு என்பது புரிந்தது.

"ஒண்ணு செய்யுங்க. எதுக்குக் கிழிச்சீங்கன்னு உங்கப்பாகிட்டச் சொல்லுங்க. டீக்கடையிலயும் சொல்லுங்க. கொழந்த பயத்துல கிழிச்சதப் பாத்து ஊரே கிழிச்சுதுன்னு தெரிஞ்சா அவுங்களே வெக்கப்படுவாங்க. ஊர்வலத்தப் பழையபடி வுட்டாலும் வுடுவாங்க. சொல்லுவீங்களா?"

"சொல்றேனுங்க."

சொன்னேன். அதில் மட்டும் நான் பொய்யன் இல்லை. வீட்டுக்கு ஓடி, அப்பா ஈஸிசேரில் சாய்ந்திருக்கும்போது முழுக்கச் சொன்னேன். அவர் முதலில் புரியாமல் கேட்டார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரே சாயங்காலத்தில் இரண்டு பெரிய மனிதர்களைச் சிரிக்க வைத்த பெருமையில் நானும் சிரித்தேன். அப்பா சிரிப்பை நிறுத்தி, என் காதைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"இத வேற யார்கிட்டச் சொன்ன?"

"மேஸ்திரிகிட்டங்க."

"அவன் சொன்னா எவனும் நம்பமாட்டான். நீ சொன்னா நம்புவாங்க. டீக்கடையில போயி வாயத் தொறந்த, தோல உரிச்சுப்புடுவேன்."

தோலுரிப்பு. புனிதர்களில் எனக்கு மிகவும் பயமான ஆள் அவர்தான். நான் வாயைத் திறக்கவில்லை. காகிதம் இல்லாமலேயே அந்த வாய் அடைத்துக்கொண்டது. அப்பாவுக்கு அந்தக் கிழிந்த தாள்கள் எவ்வளவு தோதாக வந்து வாய்த்தன என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்து, நானே ஒரு ஆபீஸில் உட்கார்ந்து கோப்புகளைத் தள்ளிப்போடக் கற்றுக்கொண்ட பிறகுதான் விளங்கியது. ஊர் எதிர்க்கிறது என்று மேலே எழுதிப் போட ஒரு காரணம் வேண்டியிருந்தது அவருக்கு. அவர் பெற்ற பிள்ளையே அதை மென்று கொடுத்துவிட்டான்.

மாசியில் அந்த நாள் வந்தது. காலண்டரில் இல்லாமலேயே வந்தது. பொம்மிடி ஸ்டூடியோவில் எடுத்த மேஸ்திரியின் படத்துக்குச் சந்தன மாலை போட்டு, மாட்டு வண்டியில் வைத்து, பேண்டு வாத்தியத்தோடு பெரிய தெரு வழியாகக் கொண்டு போனார்கள். வண்டியில் படத்தைச் சாயாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது யார் என்கிறீர்கள்? தலைவர் மகன், புலிக்குட்டி. சித்தப்பாகூடத் தடுக்கவில்லை, படம்தானே. பள்ளிக்கூட வாசலில் மேஸ்திரி ஓடை மணல் ஒட்டிய காலோடு நின்றிருந்தார். மாலை போட்ட தன் படத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி சொன்னது சரிதான் போல" என்றார். எங்களுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள்.

ஐந்து வருஷம் அப்படியே நடந்தது. படம் தெரு வழியாக, ஆள் ஓடை வழியாக. ஆறாவது வருஷத்து மாசியில் அவர் வரவில்லை, இருமல் என்றார்கள். படம் வந்தது.

அந்த வருஷ ஐப்பசியில் ஒரு காலையில், விடாத மழையில், மேஸ்திரியின் மகள் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா அப்போதும் தலைவர்தான். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் இல்லை, அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

"எங்கப்பா போயிட்டாருங்க. ஓடையில தண்ணி நெறைய போவுது. அவரு பேருல நாளெல்லாம் வெச்சிருக்கீங்க. இந்த ஒரு தடவைக்குப் பெரிய தெரு வழியா வுடுங்க. எங்கம்மாவுக்கு ஆன மாதிரி ஆயிரக் கூடாதுங்க."

அம்மா உள்ளேயிருந்து, "வுட்டுத்தான் தொலைங்களேன்" என்றாள்.

அப்பா மழையைப் பார்த்தார். அவர் குரலில் கோபமில்லை. கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது, ஆபீஸ் மூடிய பிறகு வந்தவர்களிடம் சொல்கிற வருத்தம்.

"அவரு நாளு மாசியிலேயே முடிஞ்சுதேம்மா. அன்னிக்குன்னா எதாவது பேசிப் பாத்திருக்கலாம். இன்னிக்கு என்னான்னு நான் ஊருக்குச் சொல்றது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

பத்து மணி வாக்கில் மழை கொஞ்சம் விட்டது. பெரிய தெரு காலியாகக் கிடந்தது. ஒரு நாய்கூட இல்லை. மேஸ்திரியை ஓடை வழியாக எடுத்துப் போனார்கள். தண்ணீர் மார்பளவு. எட்டுப் பேர் தூம்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடந்தார்கள். தெரு வழியாக என்றால் ஐந்து நிமிஷம். அவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.